சிறிய ட்ரோனுக்கான ரோட்டார் பிளேடு: வடிவத்தைக் கணக்குப் போட்டுத் தேடுவது எப்படி

நின்ற இடத்தில் மிதக்கும் சிறிய ட்ரோன் தன் பேட்டரியில் உள்ள ஆற்றலில் பெரும்பகுதியைக் காற்றைக் கீழே தள்ளுவதற்கே செலவிடுகிறது. பிளேடின் அகலத்தையும் திருகலையும் (அடியிலிருந்து நுனிவரை அதன் சாய்வு மாறும் விதம்) கணினியிடம் கொடுத்து, இதே எடையை இதைவிடக் குறைந்த வாட்டில் தூக்கும் வடிவத்தைத் தேடு என்றால் ஒரு மாலைப்பொழுதுக்குள் விடை வந்துவிடும். முதலில் வரும் விடை அநேகமாக ஏமாற்று விடைதான். நிரலில் பிழை இருக்க வேண்டியதில்லை. நீங்கள் சொல்ல மறந்த ஒரு வரம்பைக் கண்டுபிடித்து அதன் வழியே அது நழுவியிருக்கும். அதனால்தான் இங்கே தேடும் முறைகளைவிட வரம்புகளைப் பற்றி அதிகம் பேசப்போகிறோம்.

தேவையானவை: பைத்தான் நிரல்மொழியும் அதன் சைபை கணித நூலகமும், ஏர்ஃபாயில்களை, அதாவது பிளேடின் குறுக்குவெட்டு வடிவங்களைக் கணக்கிட எக்ஸ்ஃபாயில் (எம்.ஐ.டி.யில் மார்க் ட்ரேலா 1986இல் எழுதிய இலவச நிரல், சிறிய பிளேடுகளுக்கு இன்றும் இதுதான் முதல் தேர்வு), ஒரு முப்பரிமாண அச்சு இயந்திரம், உந்துவிசை அளக்கும் மேசை.

காகிதத்தில் முதல் கணக்கு

நிரலைத் திறப்பதற்கு முன், எவ்வளவு மிச்சப்படுத்த முடியும் என்பதைக் கையால் கணக்கிட்டுப் பாருங்கள். 1 கிலோ எடையுள்ள நான்கு ரோட்டார் ட்ரோனை எடுத்துக்கொள்வோம். ஒரு ரோட்டார் தூக்க வேண்டியது 250 கிராம், அதாவது 2.45 நியூட்டன். விட்டம் 25.4 செ.மீ., ஆரம் 0.127 மீட்டர், சுழலும் வட்டத்தின் பரப்பு 0.0507 சதுர மீட்டர். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோ.

வட்டத்தின் வழியே காற்று இறங்கும் வேகம் = √(உந்துவிசை ÷ (2 × அடர்த்தி × பரப்பு)). விடை விநாடிக்கு 4.44 மீட்டர். இதை உந்துவிசையால் பெருக்கினால் 10.9 வாட். உராய்வோ சுழலோ இல்லாத, இருக்கவே முடியாத ரோட்டாருக்குக்கூட இவ்வளவு தேவை. எந்த வடிவமும் இதற்குக் கீழே போகாது.

உண்மையான ரோட்டாரில் இதோடு இரண்டு செலவுகள் சேரும். காற்று வட்டம் முழுவதும் ஒரே சீராக இறங்காததாலும் நுனியில் கசிவதாலும் 10.9 என்பது சுமார் 15 சதவீதம் கூடி 12.5 ஆகும். பிளேடு காற்றை அறுத்துச் செல்லும் இழுவை இன்னொன்று. நுனி வேகம் விநாடிக்கு 60 மீட்டர் (நிமிடத்துக்கு ஏறக்குறைய 4500 சுற்று), இரண்டு பிளேடு, அகலம் 20 மி.மீ., இழுவைக் கெழு (வடிவம் எவ்வளவு இழுவை தரும் என்பதைச் சொல்லும் எண்) 0.03 என்று வைத்தால் அது 5 வாட். மொத்தம் 17.5. இலட்சியத் திறனை உண்மைத் திறனால் வகுத்தால் 0.62 வரும். இதுதான் ரோட்டாரின் தர எண். பெரிய ஹெலிகாப்டர்களில் இது 0.7 முதல் 0.8 வரை போகும், கையகல ரோட்டார்களில் 0.6 என்பதே மரியாதையான எண்.

ஆக வடிவத்தால் தொடக்கூடியது 6.6 வாட் மட்டுமே. அதிலும் ஒன்றரை வாட் மிச்சமானால் பெரிய வெற்றி. விட்டத்தை 25.4இலிருந்து 28 செ.மீ. ஆக்கினாலோ இலட்சியத் திறனே 9.9 வாட்டாக இறங்கிவிடும். சட்டத்தில் இடம் இருந்தால் முதலில் விட்டத்தைக் கூட்டுங்கள், வடிவத் தேடலை அப்புறம் தொடங்குங்கள்.

தொடக்க வடிவம்

தேடல் எங்கிருந்தாவது கிளம்ப வேண்டும். மிதக்கும் ரோட்டாருக்கு நல்ல திருகலைக் கையாலேயே போடலாம். ஒவ்வோர் இடத்திலும் காற்று இறங்கும் கோணத்தைக் கண்டுபிடித்து அதோடு ஒரே அளவு தாக்குகோணத்தைக் (வரும் காற்றைப் பிளேடு சந்திக்கும் கோணம்) கூட்டினால் போதும். இழப்புகளைச் சேர்த்து இறங்கு வேகம் 5.1 மீட்டர், தாக்குகோணம் 4 டிகிரி என்று வைத்தால், ஆரத்தின் 25 சதவீதத்தில் 22.8 டிகிரி, 50இல் 13.6, 75இல் 10.5, நுனியில் 8.9 கிடைக்கும்.

அகலத்துக்குப் பாடப்புத்தக விடை, மையத்திலிருந்து தூரம் கூடக் கூட அகலம் அதே விகிதத்தில் குறைய வேண்டும் என்பது. 75 சதவீதத்தில் 20 மி.மீ. என்றால் பாதியில் 30, கால்பங்கில் 60. அந்த 60 மி.மீ. அடியை யாரும் செய்ய வேண்டியதில்லை. சம அகலமுள்ள பிளேடில் தூக்குகெழுவும் (தூக்குவிசைக்கான அதே போன்ற எண்) சமமாக இருந்தால் உள் 30 சதவீதம் தருவது மொத்த உந்துவிசையில் 3 சதவீதத்துக்கும் குறைவு. அடியில் 26 மி.மீ. வைத்து, வலிமைக்குத் தேவையான தடிமனைக் கொடுத்துவிட்டு நகருங்கள்.

ஏர்ஃபாயில் அட்டவணை

75 சதவீத ஆரத்தில் பிளேடின் வேகம் 45 மீட்டர், அகலம் 20 மி.மீ. ரெனால்ட்ஸ் எண் (வேகம், அகலம், காற்றின் பிசுக்குமை மூன்றையும் சேர்த்து ஓட்டத்தின் இயல்பைச் சொல்லும் எண்) 60,000 சொச்சம். விமான இறக்கைக்கு இது பத்து லட்சங்களில் இருக்கும். நமது எல்லையில் காற்று பிளேடின் மேல்பரப்பிலிருந்து பிரிந்து, சில சமயம் திரும்ப ஒட்டி, நடுவே ஒரு குமிழை உண்டாக்கும். அந்தக் குமிழ் இழுவையைத் தாறுமாறாக மாற்றும். 12 சதவீதத் தடிமனுள்ள வழக்கமான ஏர்ஃபாயில்கள் இங்கே சொதப்பும். 5 முதல் 8 சதவீதத் தடிமனும் 4 முதல் 6 சதவீத வளைவும் உள்ள மெல்லிய வடிவங்களே தேறும்.

எக்ஸ்ஃபாயிலில் 20, 40, 60, 80, 120 ஆயிரம் என ஐந்து ரெனால்ட்ஸ் எண்களுக்கு, தாக்குகோணம் −4இலிருந்து 12 டிகிரி வரை கால் டிகிரி இடைவெளியில் ஓட்டுங்கள். காற்றுக் கலக்கத்தைக் குறிக்கும் என்-கிரிட் மதிப்பு இயல்பாக 9 என்றிருக்கும். முந்தைய பிளேடு கலக்கிவிட்ட காற்றில் அடுத்த பிளேடு ஓடுவதால் 5 அல்லது 6 பொருத்தம். இரண்டு மதிப்புகளிலும் ஓட்டிப் பார்த்து, விடை பெரிதாக மாறும் ஏர்ஃபாயிலை ஒதுக்கிவிடுங்கள். காற்றின் மனநிலையை நம்பி நிற்கும் வடிவம் நமக்கு வேண்டாம்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். அச்சில் வரப்போகும் பின்விளிம்பைக் கணக்கிலும் வையுங்கள். 0.4 மி.மீ. முனையுள்ள இழை அச்சு இயந்திரம் 0.8 மி.மீ.க்குக் குறைந்த விளிம்பை ஒழுங்காகப் போடாது. 20 மி.மீ. அகலத்தில் அது 4 சதவீதம். கத்திபோல் முடியும் ஏர்ஃபாயிலைக் கணக்கிட்டுவிட்டு மொட்டை விளிம்பை அச்சிட்டால் அளவீட்டில் இழுவை கூடி நிற்கும், காரணம் பிடிபடாது.

எக்ஸ்ஃபாயிலின் கணக்கு சில கோணங்களில் ஒருங்காமல், அதாவது விடை நிலைக்காமல் விடுபடும். அந்த இடைவெளிகளை மென்மையான ஸ்ப்ளைன் வளைகோட்டால் நிரப்புங்கள். நேர்கோட்டுத் துண்டுகளால் நிரப்பினால் ஒவ்வொரு மூட்டிலும் சரிவு குதிக்கும், சரிவைப் பிடித்து இறங்கும் தேடல் முறை அங்கே தடுக்கி நிற்கும்.

பிளேடைத் துண்டுகளாக்கும் கணக்கு

பிளேடை நீளவாக்கில் 30 துண்டுகளாக்குங்கள், நுனியருகே நெருக்கமாக. ஒவ்வொரு துண்டுக்கும் உந்துவிசையை இரண்டு வழியில் சொல்லலாம்: ஏர்ஃபாயில் தரும் தூக்குவிசை ஒன்று, அந்த வளையத்தில் கீழே தள்ளப்பட்ட காற்றின் உந்தம் மற்றொன்று. இரண்டும் சமமாகும் இறங்கு வேகமே விடை. மிதக்கும் நிலைக்கு நேரடிச் சூத்திரமே உண்டு:

க = (பரப்பு விகிதம் × 5.7) ÷ (16 × நு)
வேக விகிதம் = க × (√(1 + 2 × சா × ஆ ÷ க) − 1)

வேக விகிதம் என்பது இறங்கு வேகத்தை நுனி வேகத்தால் வகுத்தது. 5.7 என்பது கோணம் ஒரு ரேடியன் கூடினால் தூக்குகெழு ஏறும் அளவு. பரப்பு விகிதம் என்பது பிளேடு எண்ணிக்கை × அகலம் ÷ (பை × ஆரம்). நம் எடுத்துக்காட்டில் 0.1. 'ஆ' என்பது மையத்திலிருந்து உள்ள தூரத்தை ஆரத்தால் வகுத்தது. 'சா' என்பது தூக்குவிசை சுழியாகும் கோட்டிலிருந்து அளந்த சாய்கோணம், ரேடியனில். 'நு' என்பது ப்ராண்டல் தந்த நுனி இழப்புக் காரணி:

இ = (பிளேடு எண்ணிக்கை ÷ 2) × (1 − ஆ) ÷ வேக விகிதம்
நு = (2 ÷ பை) × ஆர்க்கோசைன்(எக்ஸ்பொனென்ஷியல்(−இ))

நு = 1 என்று தொடங்கி இரண்டையும் மாறி மாறிக் கணக்கிட்டால் பத்து சுற்றுக்குள் எண் நிலைக்கும். நிரலைச் சரிபார்க்க ஓர் எண்: ஆ = 0.75, சா = 0.214, நு = 1 என்றால் வேக விகிதம் 0.077 வர வேண்டும். நுனி வேகம் 60ஆல் பெருக்கினால் 4.6 மீட்டர், காகிதக் கணக்கின் 4.44க்குப் பக்கத்தில்.

இந்தச் சூத்திரம் தூக்குகெழு நேர்கோட்டில் ஏறும் என்று எடுத்துக்கொள்கிறது. இதன் விடையைத் தொடக்கமாக வைத்து, பிறகு உங்கள் ஏர்ஃபாயில் அட்டவணையைக் கொண்டு சமன்பாட்டை இருபிரிப்பு முறையில் (தேடும் எல்லையை மீண்டும் மீண்டும் பாதியாக்கி) தீர்த்துவிடுங்கள். இறங்கு கோணம் சுழிக்கும் சாய்கோணத்துக்கும் இடையில்தான் இருக்கும் என்பதால் தேடும் எல்லை தெரிந்ததே.

இரண்டு இடங்களில் நிரல் வழக்கமாக வெடிக்கும். துண்டின் மையத்தைச் சரியாக நுனியில் வைத்தால் 'நு' சுழியாகி வகுத்தல் உடையும், அதனால் மையங்கள் நுனிக்குச் சற்று உள்ளே இருக்கட்டும். அடுத்தது, முன்னோக்கிப் பறக்கும் விமானத்துக்காக எழுதிய புரொப்பெல்லர் நிரல்கள் பல, எதிர்க்காற்றின் வேகத்தால் வகுப்பவை. மிதக்கும் ட்ரோனுக்கு அது சுழி. 0.01 மீட்டர் என்று எதையாவது கொடுத்து ஒப்பேற்றாமல் மிதப்புச் சமன்பாட்டையே எழுதுங்கள்.

30 துண்டுக்கும் 60 துண்டுக்கும் திறன் அரை சதவீதத்துக்கு மேல் மாறினால் தேடலைத் தொடங்காதீர்கள்.

தேடலை அமைத்தல்

மாறிகளைக் குறைவாக வைக்க வேண்டும். 30 துண்டுக்கும் தனித்தனி அகலம் கொடுத்தால் ரம்பப்பல் போன்ற பிளேடு வரும். அகலத்துக்கு ஐந்து கட்டுப்பாட்டுப் புள்ளி, திருகலுக்கு ஐந்து, இடையே ஸ்ப்ளைன். மொத்தம் பத்து மாறி போதும்.

சுழற்சி வேகத்தை மாறியாக்க வேண்டாம். ஒவ்வொரு வடிவத்துக்கும் 2.45 நியூட்டன் தரும் வேகத்தை உள்ளேயே இருபிரிப்பால் கண்டுபிடித்து, அந்த வேகத்தில் செலவாகும் திறனை மட்டும் தேடல் நிரலுக்குக் கொடுங்கள். உந்துவிசை 2.45க்குச் சமமாக வேண்டும் என்ற வரம்பு மறைந்துவிடும், தேடல் நேராக நடக்கும்.

எல்லா மாறிகளையும் 1க்குப் பக்கமாக அளவு மாற்றுங்கள். அகலம் மீட்டரில் 0.02, கோணம் டிகிரியில் 13 என்று கலந்து கொடுத்தால் நிரல் ஒரு வகையை மட்டும் ஆட்டிவிட்டு முடிந்தது என்று சொல்லக்கூடும். சரிவை எண்முறையில் எடுக்கும்போது அடி வைக்கும் அளவு உள்கணக்கின் துல்லியத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். உள்ளே பத்தாயிரத்தில் ஒன்று துல்லியத்தில் நிறுத்திவிட்டு, வெளியே பத்து லட்சத்தில் ஒன்று அடி வைத்தால் நீங்கள் அளப்பது சரிவை அல்ல, இரைச்சலை. உள்கணக்கை ஒருங்கவிட்டு இறுக்குவதே நல்லது.

சைபையின் எஸ்.எல்.எஸ்.கியூ.பி. முறை (வரம்புகளை மதித்துச் சரிவில் இறங்கும் தேடல்) இந்த அளவுக் கணக்குக்குத் தாராளம். இருபது வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து ஓட்டுங்கள். இருபதும் ஒரே வடிவத்துக்கு வந்தால் நல்லது. வாட் ஒன்றாகவும் வடிவம் வேறாகவும் வந்தால் அதுவும் நல்ல செய்திதான்: அடிமட்டம் தட்டையாக இருக்கிறது, அச்சிட எளிதானதை எடுத்துக்கொள்ளலாம்.

வரம்புகள்: வேலையின் முக்கால் பங்கு

வரம்பே இல்லாமல், இழுவைக் கெழு 0.03 என்று நிலையாக வைத்து ஓட்டினால் என்ன வரும் என்று பாருங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் அதே தூக்குகெழுவில் அதே எடையைத் தூக்க அகலம் நான்கு மடங்கு வேண்டும். இழுவைக்குச் செலவாகும் திறன் வேகத்தின் மும்மடிக்கும் அகலத்துக்கும் ஏற்ப மாறுவதால், எட்டில் ஒன்று பெருக்கல் நான்கு, அதாவது பாதி. மறுபடி பாதியாக்கினால் மறுபடி பாதி. தேடல் நிரலுக்கு இதைவிட இனிப்பு எது? சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் மெதுவாகச் சுழலும் பிளேடை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கும்.

அதைத் தடுக்கும் உண்மைகளை எண்ணில் காட்டுவோம். 4500 சுற்றில் 20 மி.மீ. பிளேடையும், 3000 சுற்றில் 45 மி.மீ. பிளேடையும் ஒப்பிடுங்கள். மோட்டார் தண்டில் தேவைப்படும் திறன் 17.5இலிருந்து சுமார் 16 ஆகும். ஒன்றரை வாட் லாபம் போலத் தெரியும். மோட்டாரைச் சேருங்கள்: வோல்ட்டுக்கு 900 சுற்று, சுருள் மின்தடை 0.1 ஓம், வெற்றோட்ட மின்னோட்டம் 0.5 ஆம்பியர். வேகம் குறைந்தால் முறுக்கு விசை கூடும், மின்னோட்டம் 4.0இலிருந்து 5.3 ஆம்பியராகும், மோட்டாரின் மொத்த இழப்பு 4.1இலிருந்து 4.5 வாட். அடுத்து எடை. இரண்டு பிளேடும் சேர்ந்து 8 கிராம் இருந்தது, தடிமனை மாற்றாமல் அகலத்தை மட்டும் கூட்டினாலும் 18 கிராம். 250 கிராமில் 10 கிராம் என்பது 4 சதவீதம். திறன் எடையின் ஒன்றரை அடுக்காக ஏறுவதால் 6 சதவீதம், அதாவது ஒரு வாட். லாபம் 1.5, செலவு 1.4. போதாக்குறைக்குக் கனத்த பிளேடு மெதுவாகவே வேகம் மாற்றும், காற்றடிக்கும்போது ட்ரோன் தள்ளாடும்.

எனவே குறைக்க வேண்டிய எண் தண்டில் தேவைப்படும் திறன் அல்ல, பேட்டரியிலிருந்து எடுக்கும் திறன். தூக்க வேண்டிய எடையில் பிளேடின் எடையும் சேர வேண்டும். இந்த இரண்டையும் செய்தாலே பாதி ஏமாற்று விடைகள் போய்விடும். மீதிக்கு:

— எந்த இடத்திலும் அகலம் 9 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் நுனி ஊசியாகும், அங்கே ரெனால்ட்ஸ் எண் உங்கள் அட்டவணைக்கு வெளியே போகும்.

— அட்டவணைக்கு வெளியே உள்ள கோணத்தையோ ரெனால்ட்ஸ் எண்ணையோ தொட்டால் தண்டனை, அதாவது கணக்கிட்ட வாட்டைச் செயற்கையாகக் கூட்டிக் காட்டுங்கள். நீட்டித்த வளைகோட்டின் வாலில் இழுவை தவறுதலாகக் குறைந்திருந்தால் தேடல் நிரல் மோப்பம் பிடித்து அங்கேயே குடியேறும்.

— தாக்குகோணம், தூக்குவிசை சரியும் கோணத்துக்கு 3 டிகிரி கீழேயே நிற்க வேண்டும். கீழிருந்து விநாடிக்கு 2 மீட்டர் காற்று வீசினால் 75 சதவீத ஆரத்தில் தாக்குகோணம் 2.5 டிகிரி கூடும், 30 சதவீதத்தில் 6 டிகிரிக்கு மேல். உள்பகுதி சற்றுத் தடுமாறினால் பரவாயில்லை, வெளிப்பகுதி தடுமாறக் கூடாது.

— அடியின் வலிமை. 4 கிராம் பிளேடின் எடைமையம் 55 மி.மீ. தூரத்தில் இருந்தால் 4500 சுற்றில் அதை வெளியே இழுக்கும் விசை 49 நியூட்டன், ஏறத்தாழ 5 கிலோ தொங்குவதற்குச் சமம். முழு உந்துவிசை மிதப்பைப்போல் இரு மடங்கு என்றால் இந்த விசையும் இரு மடங்கு.

முழு உந்துவிசையில் பிளேடு தடுமாறுமோ என்று புதியவர்கள் பயப்படுவதுண்டு. அசையாக் காற்றில் மிதக்கும், சாய்கோணம் மாறாத ரோட்டாரில் வேகம் கூடும்போது இறங்கு காற்றும் அதே விகிதத்தில் கூடுகிறது. கோணம் மாறாது, ரெனால்ட்ஸ் எண் மட்டும் சற்று ஏறும். முழு உந்துவிசையில் கவனிக்க வேண்டியது மோட்டாரின் மின்னோட்ட எல்லையைத்தான்.

அடர்த்தியை மாற்றினால் இதே கணக்கு எங்கே போகும் என்பதற்கு நாசாவின் இன்ஜெனுவிட்டி நல்ல சாட்சி. 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாயில் பறந்த 1.8 கிலோ ஹெலிகாப்டருக்கு 1.2 மீட்டர் ரோட்டார் தேவைப்பட்டது. அங்கே காற்றின் அடர்த்தி நம்முடையதில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான்.

அச்சிட்டு அளத்தல்

இழை அச்சில் பிளேடைப் படுக்கவைத்து அச்சிடுங்கள். நிற்கவைத்தால் அடுக்குகளின் ஒட்டு வெளிநோக்கி இழுபட்டு அங்கேயே பிளக்கும். ரெசின் அச்சு விளிம்பை நன்றாகத் தரும், ஆனால் சாதாரண ரெசின் நொறுங்கும் குணமுடையது. பிளேடு நடுப்பகுதியோடு சேரும் அடியை வளைவாக்கி, கூர்மூலை இல்லாமல் வையுங்கள். சமநிலைக் கம்பியில் மாட்டி, கனத்த பக்கத்தை மேல்பரப்பில் மட்டும் தேய்க்கவும். முன்விளிம்பைத் தொட வேண்டாம்.

அளவீட்டு மேசையில் காற்று மேசையை விட்டு விலகி வீச வேண்டும். தாங்கி மீது காற்று மோதினால் உந்துவிசை குறைவாகத் தெரியும். தரையும் சுவரும் பல விட்டங்கள் தள்ளி இருக்கட்டும். சிறிய அறையில் காற்று சுற்றி வந்து மறுபடி ரோட்டாருக்குள் நுழைந்து அளவைக் கலைக்கும். சுழலும் தளத்தின் நேரே நிற்காதீர்கள், தடித்த பாலிகார்பனேட் தகட்டுக்குப் பின்னால் நில்லுங்கள், முதல் ஓட்டத்தை மிதப்பு வேகத்தைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் ஒரு நிமிடம் தனியே ஓடவிடுங்கள்.

1 கிலோ லோட்செல் (எடை உணரி), சுற்று எண்ணி, மின்சக்தி மீட்டர் போதும். பேட்டரிக்குப் பதில் நிலையான மின்வழங்கி, ஏனெனில் பேட்டரி இறங்க இறங்க எண்களும் இறங்கும். வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கடல்மட்ட அழுத்தத்தில் 35 டிகிரி செல்சியஸில் அடர்த்தி 1.146, அதாவது 15 டிகிரியைவிட 6 சதவீதம் குறைவு. நீங்கள் தேடும் லாபமே அந்த அளவுதான். பழைய பிளேடு, புதியது, மறுபடி பழையது என்ற வரிசையில் அளந்து, ஒரே த்ராட்டிலில் அல்லாமல் ஒரே உந்துவிசையில் ஒப்பிடுங்கள்.

அளவு கணக்கோடு ஒத்துப்போகாதபோது

4500 சுற்றில் உந்துவிசை கணக்கைவிட 10 சதவீதம் குறைவு என்றால் ஏர்ஃபாயிலைச் சந்தேகிக்கும் முன் கோணத்தை அளங்கள். இந்த அளவு பிளேடில் சாய்கோணம் ஒரு டிகிரி குறைந்தாலே உந்துவிசை ஏறத்தாழ 10 சதவீதம் இறங்கும். அச்சுத் தட்டிலிருந்து சூடாகப் பிய்த்தாலே ஒரு டிகிரி போய்விடும். நிற்கும்போது கோணம் சரியாகவும் ஓடும்போது உந்துவிசை குறைவாகவும் இருந்தால், சுழற்சி விசை மெல்லிய பிளேடைத் தட்டையாக்கித் திருகலை அவிழ்க்கிறது. வேகம் கூடக் கூட வித்தியாசம் வளர்வதே இதன் அடையாளம். அவிழும் அளவைக் கணக்கிட்டு அச்சிடும் கோணத்தில் முன்கூட்டியே சேர்த்துவிடலாம்.

உந்துவிசை சரி, வாட் மட்டும் அதிகம் என்றால் இழுவைதான். பின்விளிம்பு, மேல்பரப்பின் அடுக்கு வரிகள், எக்ஸ்ஃபாயிலின் நம்பிக்கை மிகுந்த எண்கள் என்று இதே வரிசையில் பாருங்கள். மேல்பரப்பை வழவழப்பாக்கினால் வாட் குறைய வேண்டும் என்றும் இல்லை. இந்த ரெனால்ட்ஸ் எண்ணில் முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால் உள்ள சிறு சொரசொரப்பு குமிழை உடைத்து இழுவையைக் குறைப்பதும் உண்டு. தேய்ப்பதற்கு முன்பும் பின்பும் அளந்துவிடுங்கள். கிடைத்த வித்தியாசத்தை இழுவை அட்டவணையில் ஒரு பெருக்கு எண்ணாகச் சேர்த்து, தேடலை அதே இருபது தொடக்கங்களிலிருந்து மறுபடி ஓட்டுங்கள். புதிய வடிவம் பழையதிலிருந்து அரை மில்லிமீட்டரும் அரை டிகிரியும்கூட நகரவில்லை என்றால் இன்னொரு பிளேடு அச்சிடத் தேவையில்லை.